உயிரிப் பொறியியல் முதுநிலை ஆசிரியர் பணி: டெல்டா மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் எங்கள் துறைக்கும் ஆட்கள் வந்து சேருவார்கள். எம்.டெக். முடித்தவர்கள், பிஎச்.டி. பாதியில் நிற்பவர்கள், மகளுக்காக விசாரிக்க வரும் அப்பாக்கள். கேட்பது எல்லோருக்கும் ஒன்றுதான்: பல்கலைக்கழகத்தில் உயிரிப் பொறியியல் ஆசிரியராவது எப்படி? டெல்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக முதுநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். தேர்வுக்குழுவில் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

உயிரிப் பொறியியலும் உயிரித் தொழில்நுட்பமும் ஒன்றுதானே?

பாடத்திட்டத்தில் பாதி ஒன்று. கேட்கும் கேள்வி வேறு. உயிரித் தொழில்நுட்பக்காரர் ஒரு நுண்ணுயிரியை வைத்து என்ன தயாரிக்கலாம் என்று யோசிப்பார். உயிரிப் பொறியியல்காரர் உயிருள்ள ஒன்றைப் பொறியாளர் கண்ணால் பார்ப்பார்: எவ்வளவு விசை தாங்கும், எவ்வளவு வேகத்தில் பாயும், எப்போது உடையும். திசுப் பொறியியல், உயிரிப்பொருட்கள், உயிரியுணரிகள், உயிரி இயந்திரவியல், நொதிகலன் வடிவமைப்பு எல்லாம் இதற்குள் வரும். உயிர்மருத்துவப் பொறியியல் இதன் பக்கத்து வீடு. மருத்துவமனைக் கருவிகளும் மின்குறிகளும் அங்கே அதிகம்.

வேலை தேடுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். விளம்பரத்தில் ‘தொடர்புடைய பிரிவு’ என்று ஒரு சொல் இருக்கும். உங்கள் பட்டத்தின் பெயர் அதற்குள் அடங்குகிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டத்தின் பெயர் ஒத்துவரவில்லை என்று சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவரிடம் அதைச் சொல்வது சங்கடமான காரியம்.

கல்வித் தகுதி என்ன?

இரண்டு கதவுகள் உள்ளன. பொறியியல் புலத்தின் கீழ் வரும் துறை என்றால் ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகள்: பி.இ. அல்லது பி.டெக்., அதன்மேல் எம்.இ. அல்லது எம்.டெக்., இரண்டில் ஏதேனும் ஒன்றிலாவது முதல் வகுப்பு. இது உதவிப் பேராசிரியர் பணிக்கு. அறிவியல் புலம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள்: முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு, அத்துடன் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு அல்லது மாநிலத் தகுதித் தேர்வு, விதிப்படி பெற்ற பிஎச்.டி. இருந்தால் அந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு இருக்கிறது.

எம்.எஸ்சி. படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உயிர்வேதியியலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பொறியியல் புலத்தின் பணியிடத்துக்குப் பொறியியல் பட்டம் கேட்பார்கள். அவர்களுக்கான கதவு அறிவியல் புலம். அதில் குறை ஒன்றும் இல்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், சிதம்பரம் அண்ணாமலை எனச் சுற்றுவட்டாரத்தில் உயிரியல் சார்ந்த முதுநிலைத் துறைகளுக்குப் பஞ்சமில்லை.

பிஎச்.டி. இல்லாமல் முடியாதா?

விதிப்படி முடியும். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேரப் பிஎச்.டி. கட்டாயம் என்றிருந்ததை மானியக் குழு 2023 ஜூலை 1 முதல் விலக்கிக்கொண்டது. ஏ.ஐ.சி.டி.இ. விதியும் நுழைவு நிலையில் அதைக் கேட்பதில்லை.

ஆனால் முதுநிலை மாணவர்களுக்குப் பயிற்சி தரும் பணி என்றால் என் பதில் வேறு. ஓர் ஆய்வைத் தொடங்கி, நடுவில் நொறுங்கி, மறுபடி எழுந்து, எழுதி முடித்த அனுபவம் இல்லாதவர் இன்னொருவருடைய ஆய்வேட்டுக்கு எப்படித் துணை நிற்பார்? பிஎச்.டி. மாணவர்களை நெறிப்படுத்தவும் அது வேண்டும். மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.யும், மதிப்பாய்வு செய்யப்பட்ட இதழ்களில் குறைந்தது மூன்று கட்டுரைகளும் உள்ள உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நால்வர் வரை நெறிப்படுத்தலாம். இணைப் பேராசிரியருக்கு அறுவர், பேராசிரியருக்கு எண்மர்.

சம்பளம் எவ்வளவு வரும்?

ஏழாவது ஊதியக் குழு அளவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.57,700. அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. இணைப் பேராசிரியருக்கு அடிப்படை ரூ.1,31,400இல் தொடங்கும்.

தனியார் நிறுவனங்களில் இந்த எண்ணை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ‘தொகுப்பூதியம்’ என்ற சொல்லைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். ஆண்டு உயர்வு எவ்வளவு, வைப்பு நிதி உண்டா, கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். என் முதல் வேலையில் என்னுடைய அசல் பட்டங்கள் ஓர் இரும்பு பீரோவில் இரண்டு ஆண்டுகள் இருந்தன. வேறு இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாளில் பீரோ சாவி வைத்திருந்தவர் திருமணத்துக்குப் போயிருந்தார். சிரிப்பாகச் சொல்கிறேன், அன்று சிரிப்பு வரவில்லை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு? மற்ற நேரம் ஓய்வா?

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல், மற்ற இரு நிலைகளுக்கு 14. விதி இவ்வளவுதான் சொல்கிறது. இதைப் பார்த்துவிட்டு ‘பாக்கி நேரம் சும்மாதானே’ என்று சம்பந்தி வீட்டார் கேட்பதுண்டு.

எம்.டெக். இரண்டு ஆண்டு. முதலாண்டு பாடங்கள், அதை யாரும் நடத்திவிடலாம். இரண்டாம் ஆண்டு ஆய்வேடு. அங்கேதான் இந்த வேலை இருக்கிறது. மாணவர் ஆகஸ்டில் ஆர்வத்தோடு தொடங்குவார். நவம்பரில் உயிரணுக்கள் செத்துப்போகும். ஜனவரியில் உங்கள் அறைப் பக்கமே வரமாட்டார். பிப்ரவரியில் திடீரென அழகான முடிவுகளோடு வந்து நிற்பார். அந்த அழகைக் கண்டு பயப்படுபவர்தான் நல்ல நெறியாளர்.

ஓர் எடுத்துக்காட்டு. நாகப்பட்டினம் கரையிலிருந்து இறால் ஓடு வாங்கிவந்து கைட்டோசன் தயாரித்தார் ஒரு மாணவர். ஓட்டிலுள்ள கனிமத்தை அமிலத்தில் கரைத்து, புரதத்தைக் காரத்தில் நீக்கி, கடைசியில் அடர்ந்த சூடான காரத்தில் வேகவைத்துப் பெறும் பொருள் அது. அதை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, மெல்லிய படலமாக வார்த்து, காயத்துக்கான கட்டாகப் பயன்படுத்தலாம் என்பது திட்டம். பாக்டீரியாக்கள் படலத்தைச் சுற்றிப் பளிச்சென்று செத்திருந்தன. கட்டுரை எழுதத் தயாராகிவிட்டார்.

“கைட்டோசன் இல்லாமல் அமிலத்தை மட்டும் வைத்துப் பார்த்தாயா?” என்று கேட்டேன்.

பார்க்கவில்லை. பார்த்தபோது அமிலம் தனியாகவே அந்த வேலையைச் செய்தது. படலத்தில் தங்கிப்போன அமிலம்தான் கொன்றிருக்கிறது. படலத்தைக் காரத்தில் நடுநிலையாக்கிக் கழுவிய பிறகு விளைவு வெகுவாகக் குறைந்தது. மூன்று மாத உழைப்பு. அவர் அழுதார், நான் டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் அந்தக் குறைந்த விளைவைத்தான் ஆய்வேட்டில் எழுதினோம், அமிலக் கதையையும் சேர்த்தே. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் அந்த ஒரு பக்கத்தைத்தான் நெடுநேரம் படித்தார்.

ஆக, வாரம் 16 மணி நேரம் போக மிச்சத்தில் என்ன செய்கிறேன் என்றால், இந்தக் கேள்வியைக் கேட்க ஆய்வகத்தில் இருக்கிறேன்.

நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்களாமே, எதை எடுப்பது?

பத்து அல்லது பதினைந்து நிமிடம் தருவார்கள். பெரும்பாலோர் நாற்பது ஸ்லைடுகளோடு வந்து பன்னிரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார்கள். சுண்ணாம்புக்கட்டியோடு ஒரே ஒரு கருத்தை எடுங்கள் என்பது என் யோசனை.

திசுப் பொறியியலிலிருந்து ஒன்று சொல்கிறேன். உடலில் ஓர் உயிரணு ரத்த நுண்குழாயிலிருந்து ஏறக்குறைய 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் விலகினால் ஆக்சிஜன் போதாது. ஆய்வகத்தில் நுண்துளைகள் கொண்ட சாரம் ஒன்றில், அதாவது உயிரணுக்கள் பற்றி வளரும் தாங்குசட்டத்தில், உயிரணுக்களை விதைத்தால், விளிம்பில் இருப்பவை செழிக்கும், நடுவில் இருப்பவை மடியும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரே சொல் போதும்: கடைமடை. தலைமடைக்காரர் வயல் நிரம்பி வழியும்போது கடைமடை வயல் வெடித்துக் கிடக்கிறதே, அதுதான் சாரத்தின் நடுப்பகுதி. விளிம்பு உயிரணுக்கள் வாங்கிக்கொண்டது போக மிச்சம்தான் உள்ளே போகும்.

இதைச் சொல்லி நிறுத்தினால் நல்ல பேச்சாளர். உவமை எங்கே உடைகிறது என்றும் சொன்னால்தான் முதுநிலை ஆசிரியர். வாய்க்கால் நீர் சரிவில் ஓடுகிறது. ஆக்சிஜன் அப்படி ஓடவில்லை, பரவுகிறது. பரவலில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அதனால் சாரத்தைச் சற்றுத் தடிமனாக்கினாலும் நடுப்பகுதி சட்டென்று பட்டினியாகிவிடும். அப்படியானால் என்ன செய்யலாம்? உள்ளே வாய்க்கால் வெட்ட வேண்டும், அதாவது ஊட்டக் கரைசலைச் சாரத்தின் ஊடே ஓடவிட வேண்டும். இந்த இடத்தில் குழுவிலிருந்து யாராவது ‘ஓட்டத்தின் உராய்வு விசையால் உயிரணு பிய்ந்துபோகாதா?’ என்று குறுக்கே கேட்பார்கள். அப்படிக் கேட்டால் உங்கள் வகுப்பு பிடித்துவிட்டது என்று பொருள்.

தெரியாத கேள்வி வந்தால்? ‘தெரியவில்லை, இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்’ என்று சொல்லுங்கள். என் முதல் நேர்காணலில் தெரியாததைத் தெரிந்ததுபோல் ஆறு நிமிடம் பேசினேன். கேட்டவர் அந்தப் பொருளிலேயே முனைவர் பட்டம் பெற்றவர். வேலை கிடைக்கவில்லை.

எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும்?

உதவிப் பேராசிரியருக்கு விதி எண்ணிக்கை கேட்பதில்லை. ஆனால் குறும்பட்டியலில் இடம்பெறக் கட்டுரை உதவும். மானியக் குழு விதிப்படி இணைப் பேராசிரியருக்கு ஏழு கட்டுரைகளும் எட்டு ஆண்டு அனுபவமும், பேராசிரியருக்குப் பத்துக் கட்டுரைகளும் பத்து ஆண்டு அனுபவமும்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சேற்றும் இதழ்கள் மின்னஞ்சலில் கும்பிட்டு அழைக்கும். போகாதீர்கள். தேர்வுக்குழுவில் ஒருவர் உங்கள் பட்டியலைப் புரட்டி, ஒரு கட்டுரையைக் காட்டி, ‘இரண்டாம் படத்தில் பிழைக்கோடு எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டால் போதும். பதில் சொல்ல முடிகிற இரண்டு கட்டுரைகள், சொல்ல முடியாத பன்னிரண்டைவிட மேல்.

டெல்டாவில் இருந்துகொண்டு உருப்படியான ஆய்வகம் நடத்த முடியுமா?

முடியும், மழையையும் மின்சாரத்தையும் கணக்கில் எடுத்தால்.

உயிரணு வளர்ப்புக்கு 37 டிகிரி வெப்பம், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, நிறைந்த ஈரப்பதம் வேண்டும். இதே ஈரம் பூஞ்சைக்கும் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரெல்லாம் பூத்துக் கிடக்கும்போது அடைகாப்புப் பெட்டிக்குள் மட்டும் வராமலிருக்குமா? நாங்கள் அந்த இரண்டு மாதமும் பெட்டியைத் துடைக்கும் முறையை இரட்டிப்பாக்குவோம். உறையவைத்திருக்கும் அரிய உயிரணுக்களை அப்போது உருக்கி எடுப்பதில்லை. குறுவை எது, சம்பா எது என்று விவசாயி பருவம் பார்ப்பதுபோல ஆய்வகத்துக்கும் பருவம் உண்டு.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது; அது விளக்குகளுக்கும் நிர்வாக அலுவலகத்துக்கும் இணைக்கப்பட்டிருந்தது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குத் தனி இணைப்பு கேட்டு நான் எழுதிய கடிதம் கோப்பில் பத்திரமாக இருந்தது. உறைபெட்டியைத் திறக்காமல் வைத்தோம். அடுத்த நாள் உள்ளே தண்ணீர். நான்கு ஆண்டுச் சீரம் மாதிரிகளும் நொதிகளும் போயின. தப்பியது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் கலனில் இருந்த உயிரணுக்கள் மட்டும்தான். அதற்கு மின்சாரமே வேண்டாம். நிரப்பி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

அதனால் நேர்காணல் முடிவில் ‘எங்களிடம் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?’ என்பார்கள் அல்லவா, அப்போது கேளுங்கள்: உறைபெட்டி ஜெனரேட்டரில் இணைந்திருக்கிறதா? பதிலை வைத்தே அந்த நிறுவனம் ஆய்வை எங்கே வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சென்னை, பெங்களூர் போகாமல் இங்கே என்ன ஆராய்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கோபம் வரும். நெல் உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எலும்போடு ஒட்டும் உயிரிக் கண்ணாடிக்கு மூலப்பொருளே சிலிக்காதான். உமி நம் ஊரில் ஆலை வாசலில் குவிந்து கிடக்கிறது. இறால் ஓட்டைப் பற்றி மேலே சொன்னேன். தஞ்சாவூரில் இன்று நிஃப்டெம் என்று பெயர் பெற்றிருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், ஈர நெல்லை எப்படிக் கெடாமல் காப்பது என்ற உள்ளூர்ச் சிக்கலில் முளைத்ததுதான். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நூறாண்டுகளைக் கடந்துவிட்டது.

மனித மாதிரிகள் தேவைப்பட்டால் மருத்துவக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கித்தான் தொடங்க வேண்டும். ஒப்புதலுக்கு மாதங்கள் ஆகும். எம்.டெக். மாணவருக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்தால் அனுமதி வரும்போது பட்டமளிப்பு விழா முடிந்திருக்கும்.

கருவி தயாரிப்பெல்லாம் நமக்கு எட்டுமா?

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்தார்கள். முந்தைய வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஒன்றில் மிகக் கடினமான சபையர் வட்டு விலங்குச் சோதனையில் உடைந்தே போனது. கடைசியில் வென்றது பாலிஎத்திலீன் என்ற நெகிழி வட்டு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கடினமானது ஏன் உடைந்தது, மென்மையானது ஏன் நிலைத்தது என்று கேட்டு உயிரிப்பொருட்கள் பாடத்தை நான் தொடங்குகிறேன். முதல் வாரம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

தமிழ் வழியில் படித்தவன் நான். ஆங்கிலத்தில் பாடம் நடத்த முடியுமா?

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிதான். நேர்காணலில் யாரும் உங்கள் உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுவதில்லை; வாக்கியம் முடிகிறதா என்று பார்ப்பார்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் நடத்துங்கள், ஆய்வக மேசையில் தமிழில் விளக்குங்கள். மாணவர் தம் தவற்றைத் தமிழில்தான் ஒப்புக்கொள்வார்.

இட ஒதுக்கீடு எப்படி?

மாநிலப் பல்கலைக்கழகங்களில் 69 விழுக்காடு. மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10. மத்திய நிறுவனத்துக்கான இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேறு படிவம்; தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் பின்னால் நிரந்தரம் ஆகுமா?

அந்த நம்பிக்கையில் சேராதீர்கள். அனுபவத்துக்காக ஓரிரு ஆண்டு என்றால் சரி.

என் மகளுக்கு இரவெல்லாம் ஆய்வகத்தில் இருக்க வேண்டி வருமா?

ஓர் அப்பா கேட்டது, பேரளம் பக்கத்திலிருந்து வந்தவர். சில நாள் வரும் என்று சொன்னேன். உயிரணு 24 மணி நேரத்தில் ஒரு முறை, 48இல் ஒரு முறை, 72இல் ஒரு முறை பார்க்கச் சொன்னால் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் காலை 9 மணிக்குத் தொடங்கினால் மூன்றும் காலை 9 மணிக்கே வரும். இரவு வேலையில் பாதி, திட்டமிடாததால் வருவது. ஆசிரியரானால் உங்கள் மகள் முதலில் மாணவிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதும் இந்தக் கணக்கைத்தான். மீதிப் பாதிக்கு விடுதி வரை துணைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு உண்டா என்று நிறுவனத்திடம் மகளே கேட்கட்டும். கேட்டவர் பெயரைக் குறித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம்.

“அது சரி தம்பி, வேலை கிடைக்குமா?” என்றார்.

விளம்பரங்கள் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம், இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம் என்று மறைக்காமல் சொன்னேன். அதுவரை திட்ட உதவியாளராகவோ தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டிலோ இருக்கலாம். இரண்டும் ஆசிரியருக்கு உதவும் அனுபவம்தான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு குறுவைக்கு நாற்று விட்டாயிற்று, போக வேண்டும் என்று எழுந்துகொண்டார்.

உங்களை நேரில் பார்க்க வரலாமா?

வரலாம். வியாழன் மாலை 4 மணிக்கு மேல் துறையில் இருப்பேன். மதிப்பெண் பட்டியல் வேண்டாம், சான்றிதழ் நகல்கள் வேண்டாம். ஆய்வகப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள்; அடித்து எழுதிய பக்கங்களைக் கிழிக்காமல்.